மலையகத்தில் செய்த மருத்துவ ஆய்வை எந்த இதழுக்கு அனுப்புவது?

டிக்கோயாவிலோ பதுளையிலோ நுவரெலியாவிலோ வேலை செய்யும் ஒரு வைத்தியரிடம் இரண்டு வருடக் குளவிக்கொட்டு நோயாளர்களின் விவரம் இருக்கிறது. இன்னொருவரிடம் தோட்டத்துக் கர்ப்பிணித் தாய்மாரின் ஹீமோகுளோபின் அளவுகள் இருக்கின்றன. "இதை எங்கே போடலாம்?" என்று கேட்டால், "முதலில் எழுதுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்த வரிசை பிழை. எந்த இதழ் என்பதைத் தரவு சேர்க்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஒழுக்கநெறி அனுமதி, சம்மதப் படிவம், எந்த அளவீட்டை எப்படி எடுத்தோம் என்ற விவரம் ஆகிய மூன்றும் கட்டுரை எழுதும் நாளில் உருவாக்கக்கூடியவை அல்ல. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியைப் பின்திகதியிட்டு வாங்க முடியாது. அனுமதி இலக்கம் இல்லாத ஆய்வை நல்ல இதழ் எதுவும், அதே துறையினர் படித்துப் பார்க்கும் மதிப்பாய்வுக்கே அனுப்பாது.

நடைமுறையில் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: சிலோன் மெடிக்கல் ஜேர்னல், கண்டி மருத்துவச் சங்கத்தினதும் விசேட வைத்தியக் கல்லூரிகளினதும் (விசேட வைத்தியர்களின் தொழில்சார் சங்கங்கள்) இதழ்கள், எழுதுபவரிடம் கட்டணம் வாங்கி எவருக்கும் இலவசமாக வாசிக்கத் தரும் சர்வதேசத் திறந்த அணுக்க இதழ்கள், மின்னஞ்சலில் தாமாகவே வந்து அழைக்கும் இதழ்கள். நான்காவதைத் தெரிவு என்று சொல்வதே அதற்குக் கொடுக்கும் மரியாதைதான். ஆனாலும் அதில் விழுபவர்கள் இருப்பதால் அதையும் பேச வேண்டியிருக்கிறது.

சிலோன் மெடிக்கல் ஜேர்னல்

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். அதற்கு 20 வருடங்கள் கழித்து, 1887இல், இந்த இதழ் தொடங்கியது. அன்று அதை வெளியிட்டது பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை. அந்தக் கிளைதான் பின்னர் பெயர் மாறி இன்றைய இலங்கை மருத்துவச் சங்கமானது. 1972இல் நாட்டின் பெயர் மாறியபோதும் இதழ் 'சிலோன்' என்ற பெயரை விடவில்லை. வருடத்துக்கு நான்கு இதழ்கள் வருகின்றன. தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் இலங்கை இணைய இதழ்த் தளத்தில் எவரும் இலவசமாக வாசிக்கலாம். மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டிலும் கிடைக்கும்.

இந்த இதழின் பலம் வாசகர் கூட்டம். பாம்புக்கடி, நஞ்சருந்தல், டெங்கு, தலசீமியா என்று இந்த நாட்டு வைத்தியசாலைகளுக்கு உரிய நோய்கள் பல பத்தாண்டுகளாக இதில் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. சிகிச்சை வழிகாட்டிகளைத் திருத்தும் குழுக்களில் இருக்கும் விசேட வைத்தியர்களும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளும் வாசிக்கும் இதழ் இது. கொழுந்து பறிக்கப் போனவர்களைக் குளவி கொட்டினால் மாவட்ட வைத்தியசாலையில் எவ்வளவு நேரத்தில் கடும் ஒவ்வாமைக்கான மருந்தான அட்ரினலின் கிடைக்கிறது என்ற கேள்விக்கு விடை தேவைப்படுவது அவர்களுக்கே. இலண்டனில் இருக்கும் வாசகருக்கு அது ஒரு புள்ளிவிவரம் மட்டும்.

பலவீனம் இடப் பற்றாக்குறை. காலாண்டுக்கு ஒன்று வரும் இதழில் பக்கங்கள் குறைவு. ஆகவே சுமாரான கட்டுரை மட்டுமல்ல, நல்ல கட்டுரையும் "எங்கள் முன்னுரிமைக்குள் வரவில்லை" என்ற ஒரு வரியோடு திரும்பி வரலாம். ஒரே கிளினிக்கில் 60 பேரைப் பார்த்து எழுதிய விவரிப்பு இங்கே எடுபடுவது கடினம். அதே தரவைக் குறுங்கட்டுரையாகவோ ஆசிரியருக்கு எழுதும் கடிதமாகவோ சுருக்கினால் வாய்ப்பு கூடும். கடிதத்தைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 5 மேற்கோள்களோடு 600 சொற்களில் ஒரு புதிய அவதானிப்பைச் சொல்லிவிடும் கடிதம், 3000 சொற்களில் ஒன்றும் சொல்லாத கட்டுரையை விடப் பயன்படும்.

கண்டியும் கல்லூரிகளும்

கண்டி மருத்துவச் சங்கம் 'ஸ்ரீலங்கா ஜேர்னல் ஒப் மெடிசின்' என்ற இதழை வெளியிடுகிறது. பேராதனை மருத்துவ பீடமும் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருப்பதால், மத்திய மலைநாட்டின் நோயாளர்களை அன்றாடம் பார்ப்பவர்கள் மதிப்பாய்வாளராக அமையும் வாய்ப்பு இங்கே அதிகம். பிள்ளைகள் சம்பந்தமான ஆய்வு என்றால் குழந்தை நல வைத்தியர்கள் கல்லூரியின் 'ஸ்ரீலங்கா ஜேர்னல் ஒப் சைல்ட் ஹெல்த்' பொருந்தும். சுகாதார வைத்திய அதிகாரிப் பிரிவில், களத்தில் செய்த ஆய்வுக்குப் பொதுச் சுகாதார நிபுணர்களான சமுதாய வைத்தியர்கள் கல்லூரியின் இதழ் ஏற்றது. யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் இதழும் இருக்கிறது. மலையகத் தரவை அங்கே அனுப்பக் கூடாது என்றில்லை, ஆனால் வாசகர் வேறு.

இவற்றின் பெயர்கள் தம் பிரசுரப் பட்டியலில் அழகாகத் தெரியாது என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமானது. கல்லூரி இதழ்களில் பல பப்மெட்டில் இல்லை, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது கேட்கப்படலாம். மறுபகுதி வெறும் கௌரவப் பிரச்சினை. தோட்டத்துச் சுகாதாரத்தைப் பற்றிய கட்டுரைக்கு உள்ளூர் மதிப்பாய்வாளர் கேட்கும் கேள்விகளைச் சர்வதேச மதிப்பாய்வாளர் பல நேரம் கேட்கவே மாட்டார். கீழே வரும் ஹீமோகுளோபின் உதாரணம் அதற்குத்தான்.

உயரம் என்ற திருத்தம்

உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு. உடல் அதை ஈடுசெய்ய ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. எனவே மலையில் வாழ்பவருக்குக் கடற்கரையில் வாழ்பவரின் வெட்டுப்புள்ளியை (இதற்குக் கீழே போனால் சோகை என்ற எல்லையை) அப்படியே வைத்தால் குருதிச்சோகை கணக்கில் மறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 500 முதல் 999 மீற்றர் வரை டெசிலீற்றருக்கு 0.4 கிராமும், 1000 முதல் 1499 வரை 0.8 கிராமும், 1500 முதல் 1999 வரை 1.1 கிராமும் அளந்த ஹீமோகுளோபினிலிருந்து கழிக்கச் சொல்கிறது. பழைய அட்டவணையில் திருத்தம் 1000 மீற்றரில்தான் தொடங்கியது. 1000 மீற்றருக்கு 0.2, 1500 மீற்றருக்கு 0.5 என்று அளவும் குறைவாக இருந்தது.

நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வாழும், முதல் மூன்று மாதத்தில் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11.5 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக்கு வெட்டுப்புள்ளி 11.0. திருத்தமே செய்யாவிட்டால் அவருக்குச் சோகை இல்லை. பழைய அட்டவணைப்படி 0.5 கழித்தால் 11.0. அதுவும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போகவில்லை. புதிய வழிகாட்டிப்படி 1.1 கழித்தால் 10.4, அவருக்குச் சோகை இருக்கிறது. ஒரே பெண், ஒரே குருதி, மூன்று கணக்கு. இப்படி 11.0 முதல் 12.0 வரை இருக்கும் தாய்மார் எத்தனை பேரோ அத்தனை பேரால் உங்கள் ஆய்வின் சதவீதம் மாறும். கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாத காலத்துக்கு வெட்டுப்புள்ளி 11.0 அல்ல, 10.5. அதையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் பிழை இரட்டிப்பாகும்.

கழிக்க வேண்டியது தாய் வாழும் இடத்தின் உயரத்துக்கான அளவு, கிளினிக் நடக்கும் இடத்துக்கானது அல்ல. தோட்டத்தின் கீழ் டிவிசனில் (பிரிவில்) நடக்கும் கிளினிக்குக்கு மேல் டிவிசனிலிருந்து இறங்கி வரும் தாய்மாரை ஒரே உயரத்தில் அடக்கினால் 1500 மீற்றர் எல்லையில் குழப்பம் வரும். படிவத்தில் தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் எழுதி, உயரத்தை நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசி காட்டும் உயரம் பல பத்து மீற்றர் தவறலாம்.

குருதி எடுக்கும் முறையும் கட்டுரையில் வர வேண்டும். குளிர்ந்த காலையில் விரல் நுனியைக் குத்தி, குருதி வராமல் அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்து காட்டும். இப்படி ஒரு பக்கம் பிழிவதால் குறைந்தும், மறுபக்கம் உயரத் திருத்தம் செய்யாததால் கூடியும் போன தரவை எந்தப் புள்ளியியலாலும் பின்னர் சரிசெய்ய முடியாது. நாளக் குருதியைத் தானியங்கிக் கருவியில் பார்ப்பதே விரும்பத்தக்கது. முடியாத இடத்தில் கையை வெந்நீரில் சூடாக்கி, முதல் துளிகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தோம் என்று எழுதலாம். உண்மையிலேயே அப்படிச் செய்திருந்தால் மட்டும்.

மாதிரியின் அளவையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். 50 சதவீதப் பரவல், 5 சதவீதத் துல்லியம் என்று வைத்தால் சூத்திரம் தருவது 384. அது ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுந்தமானமாகத் தெரிவு செய்யும் ஆய்வுக்கான எண். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் லயம் லயமாக, டிவிசன் டிவிசனாகப் போய்ச் சேர்த்தால் ஒரே தண்ணீர், ஒரே கழிப்பறை, ஒரே கடை என்று அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இந்த ஒற்றுமைக்காக மாதிரியைப் பெருக்கும் எண்ணான வடிவமைப்பு விளைவை 2 என்று எடுத்தால் 768 பேர் வேண்டும். 384 என்று எழுதி லயம் லயமாகச் சேர்த்த கட்டுரையைச் சமுதாய வைத்தியர் ஒருவர் மதிப்பாய்வு செய்தால் முதல் கேள்வியே அதுதான்.

சர்வதேச இதழ்கள்

வெளிநாட்டுத் திறந்த அணுக்க இதழ்களில் பிரச்சினை பணம். பெரியவை பலவற்றில் ஒரு கட்டுரைக்கான கட்டணம் 2000 அமெரிக்க டொலரைத் தாண்டும். டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டாலும் 6 இலட்சம். கட்டண விலக்கு கொடுக்கும் பதிப்பகங்கள் உண்டு, ஆனால் நாட்டின் வருமான வகையைப் பார்த்து முழுதாகவோ பாதியாகவோ கொடுப்பார்கள். பல இடங்களில் கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த பிறகு கேட்டால், "அந்தக் கட்டம் கடந்துவிட்டது" என்பார்கள். கட்டுரை நடுவழியில் நிற்கும்.

எப்போது இந்தச் செலவுக்குத் தகும்? இலங்கைக்கு வெளியே இருப்பவருக்கும் உங்கள் முடிவு ஏதாவது மாற்றத்தைத் தருமானால். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்து ஒழுங்காகச் செய்த எழுந்தமானப் பரிசோதனை, புதிய நோய்க்காரணி, வேறெங்கும் விவரிக்கப்படாத சிக்கல் போன்றவை. சிகிச்சைப் பரிசோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் சிகிச்சைப் பரிசோதனைப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் சேர்ந்தது. பிந்திப் பதிந்த பரிசோதனையை மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிகளைப் பின்பற்றும் இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

அவதானிப்பு ஆய்வு என்றால் ஸ்ட்ரோப் எனப்படும் 22 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைப் பக்க எண்களோடு நிரப்பித் தரச் சொல்வார்கள். தனி நோயாளி அறிக்கைக்குக் கேர் எனப்படும் 13 அம்சப் பட்டியல். உள்ளூர் இதழுக்கு அனுப்பினாலும் இவற்றை முன்கூட்டியே அச்செடுத்து வைத்து அதன்படி தரவு சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

அழைத்து வாங்கும் இதழ்கள்

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் மகத்தான கட்டுரையை வாசித்து வியந்தோம்" என்று தொடங்கும் மின்னஞ்சல், நேற்று இன்டேர்ன்சிப் முடித்தவருக்கும் வரும். 72 மணித்தியாலத்தில் ஏற்பு, கட்டணம் 100 அல்லது 150 டொலர்தான். 6 இலட்சத்தோடு ஒப்பிட்டால் மலிவாகத் தெரிவதே இதன் பொறி. மதிப்பாய்வு நடக்காது. பிழையோடு வெளிவரும். திரும்பப் பெற நினைத்தால் அதற்கும் பணம் கேட்பார்கள். திரும்பப் பெறாமல் வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைப் பிரசுரம் என்ற குற்றச்சாட்டு உங்கள் மேல் வரும். இரண்டு வருடம் சேர்த்த தரவு அங்கேயே புதைந்துபோகும்.

சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. திறந்த அணுக்க இதழ்களின் கோப்பகமான டி.ஓ.ஏ.ஜே.யில் பெயர் இருக்கிறதா? பிரசுர ஒழுக்கநெறிக் குழுவான கோப்பின் உறுப்பினர் என்று இதழ் சொன்னால், கோப்பின் தளத்தில் போய்ப் பாருங்கள். இதழின் தளத்தில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்ப வேண்டாம். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் வருகிறதா? கூகுள் ஸ்கொலரில் வருகிறது என்பது தகுதி அல்ல, அங்கே எல்லாமே வரும். சில கட்டுரைகள் மட்டும் பப்மெட்டில் தெரிவதும் போதாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் விதிப்படி தனிக் கட்டுரைகள் அங்கே சேர்வதுண்டு. இதழ் தெரிவு செய்யப்பட்டதாக அதற்குப் பொருளில்லை.

குளவிக்கொட்டுத் தரவு எங்கே போகும்?

அது பழைய பெட் ஹெட் டிக்கட்டுகளில் (வார்டு நோயாளர் பதிவுகளில்) என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் 'பல இடங்களில் கொட்டு' என்று ஒரு வரி இருக்கும். எத்தனை கொட்டு, கொட்டியது எப்போது, வைத்தியசாலைக்கு வந்தது எப்போது, அட்ரினலின் போட்டது எப்போது, வரும்போது குருதி அழுத்தம் என்ன என்ற ஐந்தும் இல்லாவிட்டால் அது தலை எண்ணும் கணக்குதான். பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் முன்வெளிப்புறத் தசையில் போட்டார்களா, தோலின் கீழ் போட்டார்களா என்பதும் தேவை.

கொட்டிய பூச்சி எது என்பது அடுத்த சிக்கல். மலையகத்தில் கூடு கலைந்து வந்து கொட்டுவது வெஸ்பா அஃபினிஸ் குளவியாகவும் இருக்கலாம், ஏபிஸ் டோர்சாட்டா என்ற மலைத்தேனீயாகவும் இருக்கலாம். விடம் வேறு, ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்களும் வேறு. தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், குளவியினுடையது தங்காது. அனுமதிக்கும்போது கொடுக்கு இருந்ததா என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தாலே ஓரளவு பிரித்துவிடலாம். கூட வந்தவர்கள் செத்த பூச்சியைக் கொண்டுவந்தால் மதுசாரத்தில் இட்டுத் திகதி எழுதி வையுங்கள். நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கியவர்களுக்குக் கிரியேட்டினின், கிரியேட்டின் கைனேஸ், ஈ.சி.ஜி. பார்த்த பதிவுகள் இருந்தால் சிறுநீரக, இதயச் சிக்கல்களைப் பற்றியும் எழுதலாம்.

பூச்சி அடையாளமும் நேரங்களும் இருந்தால் சிலோன் மெடிக்கல் ஜேர்னலுக்கு முழுக் கட்டுரையாக அனுப்பலாம். நேரங்கள் மட்டும் இருந்தால் கண்டி இதழுக்கு, அல்லது குறுங்கட்டுரையாக. இரண்டும் இல்லாவிட்டால் இன்று முதல் முன்னோக்கிய பதிவு ஒன்றைத் தொடங்கி ஒரு வருடம் காத்திருப்பதே நல்லது. ஹீமோகுளோபின் ஆய்வைப் பொறுத்தவரை என் தெரிவு சமுதாய வைத்தியர்கள் கல்லூரியின் இதழ். பல மாவட்டங்களை உள்ளடக்கினால் மட்டும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல்.

எந்த இதழானாலும் தோட்டத்தில் செய்த ஆய்வுக்குச் சம்மதம் பற்றிய கேள்வி வரும். துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி தோட்டத்துக்குள் நுழைவதற்கு; தொழிலாளியின் சம்மதம் ஆகாது. காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில், கங்காணி பக்கத்தில் நிற்க, வரிசையில் வாங்கிய கையொப்பம் சுயவிருப்பம் என்று சொல்ல முடியாது. வீட்டிலோ கிளினிக்கிலோ தமிழில் வாசித்துக் காட்டி வாங்குங்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் கட்டுரையில் கொடுங்கள். தனி நோயாளி அறிக்கையில் தோட்டத்தின் பெயர், சரியான திகதி, வயது மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சம்பவம் ஏற்கெனவே செய்தித்தாளில் பெயரோடு வந்திருக்கும். 'நடுவயதுப் பெண், மத்திய மாகாணத் தோட்டம்' என்பதே போதும். நோயாளியின் எழுத்துமூல சம்மதமும் வேண்டும்.

பெயர் போடுவதில் வரும் மனக்கசப்பு பெரிது. இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் பெயருக்கு விதிக்கும் நான்கு நிபந்தனைகள்: வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ உண்மையான பங்கு, வரைவை எழுதுதல் அல்லது திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பு. நான்கும் பொருந்த வேண்டும். பிரிவுத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போடுவது விதிமீறல். அதே நேரம், தரவு முழுவதையும் சேர்த்த தோட்ட வைத்திய உதவியாளருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ வரைவைக் காட்டாமலே விட்டுவிட்டு, "நீங்கள் எழுதவில்லையே" என்று பெயரை நீக்குவதும் விதிமீறல்தான். வரைவைத் திருத்தும் வாய்ப்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. சங்கத்தின் வருடாந்த மாநாட்டில் சுருக்கம் வாசித்திருந்தால் அது தடையல்ல, முகவுரைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் போதும். மதிப்பாய்வு வந்ததும் ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு, கீழே பதில், அதற்குக் கீழே மாற்றிய வரி, பக்க எண் என்று எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம், மௌனமாகத் தாண்டக் கூடாது. நிராகரிப்பு வந்தால் மதிப்பாய்வாளர் காட்டிய பிழைகளைத் திருத்திய பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இந்த நாட்டில் ஒரு துறைக்கு மதிப்பாய்வாளர்கள் சிலரே. திருத்தாத அதே பிரதி அதே ஆளின் மேசைக்கு மீண்டும் போய்ச் சேரும்.